விகிதம், சதவீதம், சராசரி: எந்த வரிசையில் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிடிபடும்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலோ டியூஷனிலோ கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் விகிதம் ஆறாம் வகுப்பில் வருகிறது, சதவீதம் ஏழாம் வகுப்பில், லாப நட்ட சதவீதமும் தள்ளுபடி சதவீதமும் எட்டாம் வகுப்பில். இப்படி ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுவதால் பிள்ளைகள் இவற்றைத் தனித்தனிப் பாடமாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள்.

விகிதம், சதவீதம், சராசரி மூன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எதோடு ஒப்பிடுகிறோம்? அந்த 'எது' என்பதை இங்கே அடிப்படை என்று சொல்கிறேன். பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திப் பாருங்கள், பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடிப்படை மாறிப்போயிருக்கும். அதனால் கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பழக்குவதற்காகவே அமைந்தது.

1. தொடங்கும் முன் ஐந்து சின்னக் கணக்கு

விகிதத்துக்குள் போகும் முன் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்:

18/24-ஐச் சுருக்கு. 60-இல் 3/4 பங்கு எவ்வளவு? 7.5-ஐ 100-ஆல் வகு. 2 கிலோ 250 கிராம் என்பது எத்தனை கிராம்? 1/4-ஐத் தசமமாக எழுது.

விடைகள் 3/4, 45, 0.075, 2,250, 0.25. இதில் இரண்டு தவறினால் ஒரு வாரம் பின்னத்தையும் தசமத்தையும் மட்டும் பாருங்கள். அவசரப்பட்டு உள்ளே போனால், பிள்ளைக்குச் சதவீதம் வரவில்லையா, பின்னம் வரவில்லையா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். தசமப்புள்ளியை இடம் மாற்றுவதில் தடுமாறும் பிள்ளைகள்தான் சதவீதத்தில் அதிகமாகத் திணறுகிறார்கள்.

வேண்டிய பொருள்கள்: கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை அல்லது பட்டன். கால்குலேட்டர் வேண்டாம். எண்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கையால் போட்டால்தான் வரும்.

2. விகிதத்தில் முதலில் வரிசையும் அலகும்

இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் 'நாலுக்கு ஒண்ணு' என்பார்கள். சுவர் பூசுகிற கொத்தனார் சிமெண்டும் மணலும் 'ஒண்ணுக்கு நாலு' என்பார். எண்கள் அவையேதான். எதை முதலில் சொன்னோமோ அதன் எண்தான் முதலில் வர வேண்டும். 4 : 1 என்று வெறும் எண்ணை எழுத விடாதீர்கள். மேலே 'அரிசி : உளுந்து' என்று தலைப்பு எழுதி, அதற்குக் கீழே எண்ணை எழுதச் சொல்லுங்கள். இந்தத் தலைப்பு வரியைத் தவிர்க்கிற பிள்ளைதான் அடுத்த கணக்கில் பங்கை மாற்றிக் கொடுக்கும்.

அடுத்தது அலகு. '75 பைசாவுக்கும் 2 ரூபாய்க்கும் உள்ள விகிதம்' என்றால் 75 : 2 என்று எழுதிவிடுவார்கள். இரண்டையும் பைசாவாக்கினால் 75 : 200, சுருக்கினால் 3 : 8. ஒரே வகைப் பொருளை ஒரே அலகில் அளந்தால்தான் ஒப்பிடவே முடியும். அலகை ஒன்றாக்கிய பிறகே சுருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. பாகம் பிரிப்பது: இங்கே நேரம் செலவழியுங்கள்

மொத்தப் பயிற்சியில் கால்வாசி நேரத்தை இந்தப் படிக்குக் கொடுக்கலாம். சதவீதமும் சராசரியும் இதன் மேல்தான் நிற்கின்றன.

₹1,200-ஐ 3 : 5 என்ற விகிதத்தில் இருவருக்குப் பிரிக்க வேண்டும். வழக்கமான தவறு, முதலாமவருக்கு 1,200-இல் 3/5 பங்கு என்று ₹720 கொடுப்பது. 3/5 என்பது முதல் பங்கை இரண்டாவது பங்கோடு ஒப்பிடுகிறது. மொத்தத்தோடு ஒப்பிட்டால் 3/8. அடிப்படை நழுவுவதை முதல்முதலாகப் பார்க்கிற இடம் இது.

சொல்லிப் புரியவைப்பதை விடக் கட்டம் போட்டுக் காட்டுவது எளிது. கட்ட நோட்டில் ஒரே அளவில் எட்டுக் கட்டம் வரைந்து, மூன்றை ஒரு பக்கமும் ஐந்தை இன்னொரு பக்கமும் பிரிக்கச் சொல்லுங்கள். எட்டுக் கட்டம் சேர்ந்து 1,200 என்றால் ஒரு கட்டம் 150. அப்படியானால் பங்குகள் ₹450, ₹750. கூட்டிப் பார்த்தால் 1,200. இந்தக் கூட்டிச் சரிபார்ப்பதை விடவே கூடாது.

அப்புறம், அதே படத்தை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றுங்கள்:

'சிறிய பங்கு ₹450 என்றால் மொத்தம் எவ்வளவு?' இப்போது மூன்று கட்டம் 450. ஒரு கட்டம் 150, மொத்தம் 1,200.

'ஒருவருக்கு மற்றவரை விட ₹300 அதிகம் கிடைத்தது. மொத்தம் எவ்வளவு?' இப்போது 300 என்பது இரண்டு பங்குக்கும் உள்ள வித்தியாசம், அதாவது இரண்டு கட்டம். ஒரு கட்டம் மறுபடியும் 150.

மூன்று கேள்விக்கும் நடுவில் நிற்பது 'ஒரு கட்டத்தின் மதிப்பு'. கொடுத்த தொகை எத்தனை கட்டத்துக்கு உரியது என்று முதலில் கேட்டால் போதும். வித்தியாசம் கொடுத்த கணக்கில் 300-ஐ எட்டால் வகுக்கிற பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குப் பாடம் புரியாமல் இல்லை, போன கணக்கில் எட்டால் வகுத்தோம் என்ற பழக்கத்தில் செய்கிறார்கள். அதனால்தான் ஒரே மாதிரிக் கணக்கைப் பத்து தரம் தருவதற்குப் பதிலாக மூன்று மாதிரியையும் கலந்து கொடுக்கச் சொல்கிறேன்.

இது கைவந்த பிறகு இரண்டு விகிதங்களை இணைப்பது. அ : ஆ = 2 : 3, ஆ : இ = 4 : 5 என்றால் அ : ஆ : இ என்ன? பொதுவாக இருப்பது 'ஆ'. ஒன்றில் 3, இன்னொன்றில் 4. மீச்சிறு பொது மடங்கு 12. முதல் விகிதத்தை 4-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்கினால் 8 : 12, 12 : 15. விடை 8 : 12 : 15. 'ஆ' ஒரே அளவாக இருந்தால்தான் மற்ற இரண்டையும் ஒப்பிட முடியும் என்ற காரணத்தைச் சொல்லிவிட்டால் இதற்குத் தனிச் சூத்திரம் தேவையில்லை.

4. விகிதசமம்: கூடுமா குறையுமா என்று முதலில் கேளுங்கள்

5 நோட்டு ₹140 என்றால் 8 நோட்டு எவ்வளவு? ஒரு நோட்டு ₹28, எட்டு நோட்டு ₹224. ஓரலகு முறையில் இருபது கணக்காவது போட்ட பிறகு குறுக்குப் பெருக்கலுக்குப் போங்கள். முதலிலேயே குறுக்குப் பெருக்கலைக் கற்றுக்கொண்ட பிள்ளை, 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 12 பேர் 20 நாளில் முடிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும். ஆள் கூடினால் நாள் கூடுமா குறையுமா என்று ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் 5 நாள் என்ற விடை தானாக வரும்.

5. சதவீதம்: 10%, 1% இரண்டிலிருந்து தொடங்குங்கள்

சூத்திரத்தை மறந்துவிட்டு முதல் இரண்டு நாள் வாய்க்கணக்காகவே செய்யுங்கள். 640-இல் 10% எவ்வளவு? 64. அதில் பாதி 5%, அதாவது 32. 1% என்பது 6.4. சரி, 35% எவ்வளவு? மூன்று 64-உம் ஒரு 32-உம் சேர்த்து 224. 10%-ஐயும் 1%-ஐயும் கையில் வைத்திருக்கும் பிள்ளை எந்தச் சதவீதத்தையும் கட்டிக்கொள்ளும். 'விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்க வேண்டும்' என்ற மதிப்பீடும் கூடவே வரும்.

அதே நேரத்தில் பின்னத்தையும் சதவீதத்தையும் இணைத்துச் சிலவற்றை நெட்டுருவே போட வேண்டும்: 1/2 = 50%, 1/4 = 25%, 3/4 = 75%, 1/5 = 20%, 1/8 = 12.5%, 1/3 = 33 1/3%. மனப்பாடம் தேவைப்படும் இடம் இந்தப் பாடத்தில் இது மட்டும்தான்.

வீட்டில் பால் பாக்கெட் இருந்தால் எடுத்து மேசையில் வையுங்கள். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5%, நீலத்தில் 3%, ஆரஞ்சில் 6%. அப்படியென்றால் 100 கிராம் பச்சைப் பாக்கெட் பாலில் கொழுப்பு 4.5 கிராம். 200 கிராமில்? 9 கிராம். சதவீதம் அப்படியே இருக்க, கிராம் மட்டும் மாறுகிறது. 'நீலத்தில் 3%, ஆரஞ்சில் 6%, அதனால் ஆரஞ்சுப் பாக்கெட்டில்தான் கொழுப்பு அதிகம்' என்று பிள்ளை சொன்னால், இரண்டையும் ஒரே அளவு எடுத்தால்தானே அது சரி என்று கேளுங்கள். ஒரு கிலோ நீலப் பாலில் 30 கிராம், கால் கிலோ ஆரஞ்சில் 15 கிராம்.

6. மூன்று பெட்டி

சதவீதக் கணக்கு எதுவானாலும் அதில் பகுதி, மொத்தம், சதவீதம் என்று மூன்றுதான் உண்டு. இரண்டு கொடுத்து ஒன்றைக் கேட்பார்கள். நோட்டில் மூன்று பெட்டி வரைந்து, கேள்வியில் உள்ள எண்களை உரிய பெட்டியில் போட்ட பிறகே கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள்.

25-க்கு 18 மதிப்பெண் என்றால் எத்தனை சதவீதம்? பகுதி 18, மொத்தம் 25, விடை 72%. ஒரு தொகையில் 30% என்பது 45 என்றால் அந்தத் தொகை எவ்வளவு? இங்கே 45 போவது பகுதிப் பெட்டிக்கு. 10% என்பது 15, ஆகவே மொத்தம் 150. பெட்டி போடாத பிள்ளை 45-இல் 30% கண்டுபிடித்து 13.5 என்று எழுதும். 45 என்பது பகுதிதானே, மொத்தம் அதை விடச் சிறிதாக இருக்குமா என்று கேட்டால் அதுவே அழித்துவிடும்.

எந்த எண் மொத்தப் பெட்டிக்குப் போகும் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. 'இல்' வருகிற சொல்லையும் 'விட' என்பதற்கு முன்னால் வருகிற சொல்லையும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். 'முத்துவை விடக் கவிதாவிடம் 25% அதிகம்' என்றால் அடிப்படை முத்துவின் பணம். முத்துவிடம் 100 என்றால் கவிதாவிடம் 125. அதையே திருப்பி, 'கவிதாவை விட முத்துவிடம் எத்தனை சதவீதம் குறைவு?' என்றால் அடிப்படை 125 ஆகிவிடுகிறது. 25/125, அதாவது 20%. அதே இருபத்தைந்து ரூபாய் ஒரு பக்கம் 25%, மறுபக்கம் 20%. இதை ஒரு பிள்ளை தானாக விளக்கிச் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

7. கூடுதலும் குறைவும்: அடிப்படை வழியில் மாறுகிற இடம்

₹500 பொருளின் விலை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் பழைய விலைக்கே வராது. ஏறும்போது அடிப்படை 500, அதனால் 600. இறங்கும்போது அடிப்படை 600, அதில் 20% என்றால் 120. மிச்சம் ₹480.

ஆடித் தள்ளுபடி விளம்பரம் இதற்கு நல்ல பயிற்சி. '50% தள்ளுபடி, அதற்கு மேல் 20%' என்றால் 70% என்று பெரியவர்களே நினைக்கிறோம். ₹1,000 துணி முதலில் 500 ஆகிறது, அதில் 20% போனால் 400. மொத்தத் தள்ளுபடி 60%.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைப் பெருக்கலாக எழுதக் கற்றுக் கொடுங்கள். 20% கூடினால் 1.2-ஆல் பெருக்கு, 20% குறைந்தால் 0.8-ஆல் பெருக்கு. 1.2 × 0.8 = 0.96, அதாவது 4% நட்டம். பின்னால் கூட்டுவட்டி வரும்போது இதே பெருக்கல்தான் வேலை செய்யும்.

பின்னோக்கிப் போகிற கணக்குதான் மிகவும் சறுக்குகிற இடம். '15% லாபத்தில் ஒரு பொருளை ₹1,380-க்கு விற்றார். அடக்க விலை என்ன?' பெரும்பாலோர் 1,380-இல் 15% ஆன 207-ஐக் கழித்து 1,173 என்பார்கள். லாப சதவீதத்துக்கு அடிப்படை அடக்க விலை. அடக்க விலை 100% என்றால் 1,380 என்பது 115%. ஆகவே 1% என்பது 12, அடக்க விலை ₹1,200. சரிபார்க்க: 1,200-இல் 15% 180, கூட்டினால் 1,380. தவறான விடையையும் இதே போல் சரிபார்க்கச் சொல்லுங்கள். 1,173-இல் 15% கூட்டினால் 1,348.95தான் வருகிறது என்று பிள்ளையே கண்டால், நீங்கள் பத்து முறை சொல்வதை விட அது நிற்கும்.

8. சராசரி: உடனே மொத்தத்துக்குப் போங்கள்

3, 7, 5, 9 என்று நான்கு குவியலாகப் புளியங்கொட்டையை வையுங்கள். எடுத்து மாற்றி, எல்லாக் குவியலையும் சமமாக்கச் சொல்லுங்கள். ஆறு ஆறாக வரும். மொத்தம் 24 மாறவே இல்லை என்பதைக் காட்டுங்கள். சராசரி கொடுத்த எந்தக் கணக்கிலும் முதல் வரி 'மொத்தம் = சராசரி × எண்ணிக்கை' என்றே இருக்க வேண்டும். சராசரியைச் சராசரியாகவே வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பதுதான் இங்கே வரும் பிழைகளுக்கு மூலம்.

10 எண்களின் சராசரி 45. அதில் 36 என்பதை 63 என்று தவறாக எழுதிவிட்டார்கள். சரியான சராசரி? மொத்தம் 450. அதிலிருந்து 63-ஐ எடுத்து 36-ஐச் சேர்த்தால் 423. சராசரி 42.3. மொத்தத்துக்குப் போனால் இரண்டு வரிதான்.

எதால் வகுப்பது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் கிரிக்கெட்டில் இருக்கிறது. டான் பிராட்மன் டெஸ்ட் போட்டிகளில் 80 இன்னிங்ஸில் 6,996 ரன் எடுத்தார். 80-ஆல் வகுத்தால் 87.45. ஆனால் அவருடைய சராசரி 99.94. ஏன் என்று பிள்ளைகளிடம் விடுங்கள். பத்து இன்னிங்ஸில் அவர் ஆட்டமிழக்கவில்லை. பேட்டிங் சராசரியில் வகுப்பது அவுட்டான எண்ணிக்கையால், அதாவது 70-ஆல். 1948-இல் ஓவலில் கடைசி இன்னிங்ஸில் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்தார். அன்று நான்கே ரன் எடுத்து ஆட்டமிழந்திருந்தால் 7,000-ஐ 70-ஆல் வகுத்துச் சரியாக 100. கிரிக்கெட் பிடித்த பிள்ளை இந்தக் கணக்கை மறக்காது. வகுக்கும் எண் எது என்று கேட்கும் பழக்கமும் கூடவே வரும்.

பூஜ்யம் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து தேர்வுகளில் ஒன்றில் 0 எடுத்தால் அதையும் எண்ணிக்கையில் சேர்த்து ஐந்தால் வகுக்க வேண்டும். 'பூஜ்யம்தானே' என்று விட்டுவிட்டு நான்கால் வகுப்பார்கள்.

9. சராசரிகளின் சராசரி

அ பிரிவில் 30 பேர், சராசரி 60. ஆ பிரிவில் 20 பேர், சராசரி 70. இரண்டும் சேர்ந்தால் 65 இல்லை. மொத்தம் 1,800-உம் 1,400-உம் சேர்ந்து 3,200. ஐம்பதால் வகுத்தால் 64. ஆள் அதிகமாக உள்ள பக்கம் சராசரி சாய்கிறது.

வேகமும் இப்படித்தான். 120 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி 50 அல்ல. போக 2 மணி, வர 3 மணி. 240 கி.மீ., 5 மணி, ஆக 48.

எப்போது வெறுமனே கூட்டி இரண்டால் வகுக்கலாம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண்களின் எழுத்தறிவு 86.77%, பெண்களின் எழுத்தறிவு 73.44%. கூட்டி இரண்டால் வகுத்தால் 80.1 வருகிறது. மாநிலத்தின் மொத்த எழுத்தறிவும் 80.09%தான். அன்று 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம் என்பதால்தான் பொருந்துகிறது. இந்த ஒரு உதாரணத்தில் விகிதம், சதவீதம், சராசரி மூன்றும் இருக்கின்றன. ஏழாம் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம்.

10. தினப் பயிற்சியை எப்படி அமைப்பது

ஒரு நாளைக்கு அரை மணி போதும். ஆறு கணக்கு: இரண்டு இன்றைய படியிலிருந்து, நான்கு பழைய படிகளிலிருந்து கலந்து. பாடத்தின் தலைப்பை மேலே எழுதாதீர்கள். 'சதவீதம்' என்று தலைப்பு இருந்தால் பிள்ளை யோசிக்காமல் 100-ஆல் வகுக்கும்.

தவறான கணக்கை அழிக்க விடாமல், பக்கத்தில் 'எதோடு ஒப்பிட்டேன், எதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சில வாரத்தில் அந்த வரிகளைப் படித்தால் எந்தப் படிக்குத் திரும்ப வேண்டும் என்று தெளிவாகத் தெரியும்.

நேரம் வைத்துப் பழகுவது கடைசியில்தான். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு தாளில் 90 நிமிடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ₹12,000 கிடைக்கும் என்பதால் பெற்றோர் ஜூன் மாதமே கடிகாரத்தை எடுத்துவிடுகிறார்கள். கருத்து நிற்காமல் வேகம் வந்தால் தவறுதான் வேகமாக வரும்.

முடிவாகச் சோதிக்க மூன்று கணக்கு:

அ) 22 காரட் தங்கத்தில் 24 பாகத்துக்கு 22 பாகம் தங்கம். 8 கிராம் பவுனில் தங்கம் எவ்வளவு? தங்கத்துக்கும் மற்ற உலோகத்துக்கும் விகிதம் என்ன? அது எத்தனை சதவீதத் தங்கம்?

ஆ) ஒரு கடைக்காரர் விலையை 25% ஏற்றி, 20% தள்ளுபடி தருகிறார். வாங்குபவருக்கு லாபமா?

இ) ஒரு வகுப்பில் மாணவர், மாணவியர் விகிதம் 3 : 2. மாணவர்களில் 80% பேரும் மாணவியரில் 90% பேரும் தேர்ச்சி. வகுப்பின் தேர்ச்சி சதவீதம் என்ன?

விடைகள்: அ) ஏறக்குறைய 7.33 கிராம், 11 : 1, ஏறக்குறைய 91.67%. நகையில் 916 முத்திரை என்பது இதுதான், ஆயிரத்துக்கு 916. ஆ) லாபமில்லை, 1.25 × 0.8 = 1, பழைய விலையேதான். இ) 84%.

மூன்றாவது கணக்கில் 'மொத்தம் எத்தனை பேர் என்று கொடுக்கவில்லையே' என்று பிள்ளை நிறுத்தினால், 300 மாணவர், 200 மாணவியர் என்று வைத்துப் போடச் சொல்லுங்கள். 240-உம் 180-உம் சேர்ந்து 420, ஐந்நூற்றுக்கு 420. அப்புறம் 30, 20 என்று மாற்றிப் போட்டாலும் அதே 84% வருவதைப் பார்க்கட்டும். எண்ணிக்கை கேட்காமல் விகிதத்தை மட்டும் வைத்து இதை ஒரு பிள்ளை போட்டுவிட்டால் கூட்டுவட்டிக்குப் போகலாம். நின்றுவிட்டால் மூன்றாவது படியின் கட்டங்களுக்குத் திரும்புங்கள்.